கார் தேடும் அப்பா

கார் தேடும் அப்பா தமிழ்நாட்டு நகரங்களில் முப்பத்தைந்து வயதை ஒட்டி உருவாகிறார். இரண்டு சிறு குழந்தைகள், ஒரு ஸ்கூட்டர், ‘உங்களுக்கான கடன் தயாராக உள்ளது’ என்று வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி: இவை மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தால் போதும். மூத்தவன் முன்னால் நின்று சாலையை மறைப்பான். இளையவள் நடுவில் நசுங்கித் தூங்கி விழுவாள். அம்மா பின்னால் ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையின் காலுமாக உட்கார்ந்திருப்பார். அதுவரை அப்பா சாதாரண மனிதர்தான். ஏதோ ஒரு மழையில் நால்வரும் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கும்போது, “புள்ளைங்களுக்காகவாவது ஒரு கார் வாங்கிடலாங்க” என்று மனைவி சொல்வார். காரணம் அவ்வளவு தெளிவானது. அடுத்த ஆறு மாதங்களில் அது ஒன்றுதான் அவருக்கு மறந்துபோகும்.

முதலில் அவர் கற்றுக்கொள்வது அளவு. 2006 மத்திய பட்ஜெட் நாலு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய இன்ஜின் கொண்ட கார்களுக்கு வரியைக் குறைத்தது. அன்றுமுதல் நம் நாட்டுக் கார்கள் 3,990, 3,995 மில்லிமீட்டர் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கின்றன. 2012-ல் டிசையர் என்ற கார் அதற்காகத் தன் டிக்கியையே சுருக்கிக்கொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அத்தகைய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அளவு மீறியவற்றுக்கு 40. இதெல்லாம் தெரிந்ததும் அவருடைய பேச்சில் மில்லிமீட்டர் புகுந்துவிடும். எட்டு கார்களின் கிரவுண்ட் கிளியரன்ஸை மனப்பாடமாகச் சொல்வார். இளையவளின் செருப்பு சைஸைக் கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்.

அடுத்தது விலை. ஆறு லட்சத்துக்கு மேல் ஒரு பைசா இல்லை என்று சபதம் செய்துவிட்டுத்தான் தொடங்குவார். அது எக்ஸ்-ஷோரூம் விலை. அதன்மேல் ஆயுட்கால வரி, இன்சூரன்ஸ், பதிவு, ஃபாஸ்டேக், மிதியடி என்று ஏறி ஆன்-ரோடு விலையாக வந்து நிற்பது வேறு தொகை. பேஸ் மாடலில் பின்பக்கத் துடைப்பான் இல்லை. இன்னும் அறுபதாயிரம் போட்டால் இருக்கிறது. அதற்குமேல் நாற்பதாயிரம் போட்டால் கேமரா. “இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, சார்” என்று விற்பனைப் பையன் அன்போடு சொல்வான். இந்த ஏற்றத்துக்கு இடையில் இருக்கும் ஒரே வேகத்தடை பத்து லட்சம். அந்தக் கோட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் சாலை வரி 13 சதவீதத்திலிருந்து 18-க்குத் தாவும் என்பதால், கோட்டுக்கு இப்பால் நின்றுவிட்டவர் அதைச் சிக்கனம் என்றே கருதுவார்.

பிறகு ஆலோசகர்கள். மெக்கானிக்கின் கருத்து நிரந்தரமானது: “மாருதின்னா கண்ண மூடிட்டு எடுங்கண்ணே, எந்த ஊர்ல நின்னாலும் ஸ்பேர் கெடைக்கும்.” மச்சான் டீசல் என்பார், சொந்தமாக வாங்கியது சைக்கிளோடு சரி. பேட்டரி காரே எதிர்காலம் என்று சொல்லும் அலுவலக நண்பர் மாடிக் குடியிருப்பில் சார்ஜர் ஒயர் எந்த ஜன்னல் வழியாக இறங்கும் என்பதைச் சொல்வதில்லை. 1983-ல் வந்த மாருதி 800-ஐ இன்றும் அளவுகோலாக வைத்திருக்கும் தாத்தாவுக்கு ஒரே கேள்விதான்: “லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?” பாட்டி எதுவும் கேட்கமாட்டார். எந்தக் காராக இருந்தாலும் தனக்கு ஜன்னலோரம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

நட்சத்திரங்களின் கட்டம்தான் இவரை நன்றாகக் காட்டிக் கொடுக்கும். பாரத் என்கேப் மோதல் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியபின், ஐந்து நட்சத்திரம் இல்லாத காரை இவர் தகரம் என்பார். கதவைத் தட்டிப் பார்த்து, ‘டொம்’ என்றால் தலையசைப்பார், ‘டங்’ என்றால் உதட்டைப் பிதுக்குவார். அந்தச் சோதனை பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே நட்சத்திரம் தருகிறது. குழந்தைகளுக்கான சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயதுப் பிள்ளைகளின் அளவில் பொம்மைகளைக் காரில் வைத்து மோதவிடுகிறார்கள். பொம்மைகள் அம்மாவின் மடியில் இருப்பதில்லை. பின்சீட்டில் பொருத்திய குழந்தை இருக்கையில் வாரால் கட்டப்பட்டிருக்கும். ஆகவே நட்சத்திரம் அந்த இருக்கையோடு சேர்ந்தது. இவரோ ஐந்து நட்சத்திரக் காரை வாங்கி, இளையவளை மடியிலும் மூத்தவனை இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில் நிற்கவும் வைப்பார். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. சட்டத்தைச் சொன்னால், “நம்ம ஊர்ல யாரு பாக்கறா?” என்பார். குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று ஷோரூமில் கேட்டதும் அவரேதான். பட்டியலில் டிக் அடித்ததோடு கொக்கியின் வேலை முடிந்தது.

குழந்தை இருக்கை தோற்பதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை, கணக்கும் இருக்கிறது. சின்னக் காரின் பின்சீட்டில் அப்படி இரண்டைப் பொருத்தினால் நடுவில் மிஞ்சும் இடத்தில் ஒரு கூஜா உட்காரும், பாட்டி உட்காரமாட்டார். வீட்டில் ஆறு பேர், காரில் ஐந்து இடம். இந்தச் சிக்கலுக்காகவே பிறந்ததுபோல 2019-ல் வந்தது, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாராகும் டிரைபர்: நாலு மீட்டருக்குள் ஏழு இருக்கைகள். ஆனால் ஏழும் விரிந்திருந்தால் டிக்கியில் 84 லிட்டர் இடம்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பத்திடம் அரிசி மூட்டை, தேங்காய், வாழைத்தார், கரும்பு இருக்கும். கடைசி வரிசையைக் கழற்றினால் 625 லிட்டர் கிடைக்கும். அப்போது அரிசி வரும், தாத்தா பஸ்ஸில் வருவார்.

டெஸ்ட் டிரைவுக்குப் பிள்ளைகளையும் அழைத்துப் போவது மரபு. அப்பா இன்ஜினின் இழுவையைக் கவனித்துக்கொண்டிருக்க, பின்னால் தேர்வு முடிந்துவிடும். மூத்தவனுக்குச் சன்ரூஃப். அதில் தலையை வெளியே நீட்டலாம் என்பதே அவன் கண்ட பயன். சன்ரூஃப் அதற்காக வைக்கப்பட்டதில்லை என்று அவனுக்குச் சொல்லும் பெரியவர் அந்தக் காரில் யாரும் இல்லை. இளையவள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தானுக்கே சம்மதித்துவிட்டாள். மனைவி நிறத்தைச் சொல்வார், அதுவே முடிவு. ஆறு மாதம் வளர்த்த எக்ஸெல் அட்டவணை அன்று மாலை, எடுத்த முடிவு சரிதான் என்று நிரூபிப்பதற்காகத் திருத்தப்படும்.

ஆடியில் டெலிவரி எடுப்பதில்லை. ஆடியில் தள்ளுபடி உண்டு என்பதால் பணத்தை ஆடியில் கட்டி, வண்டியை ஆவணியில் எடுப்பார். பதிவு எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது. சென்னைக்காரரானால் நேரே பல்லவன் சாலையின் பாடிகாட் முனீஸ்வரர் கோயில். அங்கே மாலை, சூடம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை. ஆறு ஏர்பேக் உள்ள காருக்கும் இந்த நான்கு எலுமிச்சை குறையாது.

கார் வந்தபின் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதில்லை. பள்ளித் தெருவில் நிறுத்த இடமில்லாததால் பிள்ளைகளைக் கொண்டுவிட ஸ்கூட்டர்தான். கார் வெளியே கிளம்புவது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும், முதல் பெரிய பயணமாகக் கொல்லிமலைக்கும். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவில் இளையவள் காலை இட்லியைத் திருப்பித் தருவாள். முப்பதாவதில் மூத்தவன். பிளாஸ்டிக் உறையைக் கேலி செய்த மச்சானே ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்பாவோ காரின் திருப்புத்திறனை மச்சானுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்.