போகாமல் திரும்பி வர அனுமதி வேண்டும்

மகா கனம் பொருந்திய எல்லை ரயில் நிர்வாகத்தாரின் திவ்விய சமுகத்துக்கு,

சிங்கப்பூரிலே பிறந்து, சிங்கப்பூரிலேயே நெடுங்காலம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்று, இப்பொழுது மத்திய சேம நிதியையும் மனைவியின் கட்டளைகளையும் நம்பி ஜீவனம் நடத்திவரும் அடியேன், ஜொகூர் பாரு ரயில் நிலையத்து நாற்காலி ஒன்றில் அமர்ந்து, கால்களுக்கு நடுவே ஆறு கட்டு உறைந்த பரோட்டாவையும் மடியிலே ஒரு வாழைப்பழ கேக்கையும் வைத்துக்கொண்டு, பலசரக்குக் கடை ரசீதுகளின் பின்புறத்தில் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் சகலரும் க்ஷேமம். பரோட்டா மட்டும் சற்றே இளகத் தொடங்கியிருக்கிறது.

தங்கள் வண்டி இன்று காலை உட்லண்ட்ஸிலிருந்து புறப்பட்டு, கடற்பாலத்தைக் கடந்து, ஐந்தே நிமிஷத்தில் என்னை இங்கே இறக்கிவிட்டது. ஒரு தேசத்தை விட்டு இன்னொரு தேசத்துக்குச் செல்லும் பிரயாணி, இருக்கையில் அமர்ந்து, பையைச் சரிப்படுத்திக்கொண்டு, சன்னலுக்கு வெளியே கடலைக் கண்டு 'ஆஹா' என்று சொல்ல வாய் திறப்பதற்குள் பிரயாணமே முடிந்துபோகும் இந்த வேகத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபணை ஏதுமில்லை. பக்கத்துச் சாலையிலே பேருந்துகளும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் விட்டேனா பார் என்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் காட்சியைப் பார்த்துக்கொண்டே போவதில் அற்பமான ஓர் ஆனந்தமும் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து நிமிஷத்தில் வந்தவன் ஐந்து நிமிஷத்தில் திரும்பியாக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. வாங்க வேண்டிய சாமான்களை நண்பகலுக்குள் வாங்கி முடித்துவிட்டேன். திரும்புவதற்கு எனக்கு அகப்பட்ட இருக்கையோ இராத்திரி வண்டியில் இருக்கிறது. ஐந்து நிமிஷப் பிரயாணத்துக்காக எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்குப் பூர்வ சரித்திரத்தில் மனம் செல்வது இயற்கைதானே?

இந்தப் பாதைக்கும் எங்களவருக்கும் சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. மலாயாவின் காட்டை வெட்டிச் சல்லி கொட்டித் தண்டவாளம் பதித்தவர்களில் தமிழ்நாட்டுக் கூலிகள் எத்தனையோ ஆயிரம் பேர். பின்னர் அந்தந்த ஸ்டேஷனில் கோட்டு அணிந்து கணக்கெழுதியவர்களில் யாழ்ப்பாணத்தார் அநேகர். 1909-ஆம் வருஷத்திலேயே ஜொகூர் பாரு வரையில் வந்துவிட்ட ரயில், எதிர்க்கரையிலிருந்த சிங்கப்பூரைப் பார்த்துக்கொண்டு பதினான்கு வருஷம் நின்றது. அதுவரையில் நீரிணையைப் படகிலேதான் கடக்க வேண்டும். 1923 அக்டோபரில் கடற்பாலத்தின் மேல் பிரயாணிகள் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1942 ஜனவரி மாதத்தின் கடைசி நாளன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பாலத்தின் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஜப்பானியர் தீவில் இறங்கிய சில தினங்களுக்குள் அதைச் செப்பனிட்டுக்கொண்டார்கள். பகைவனின் படையையே அதிக நாள் காக்க வைக்காத இந்தப் பாலம், சனிக்கிழமை தோறும் சலவைத் தூள் வாங்கப் போகும் சம்சாரிகளை எப்படிக் காக்க வைக்கிறது என்பதை யுத்த சாஸ்திரம் படித்தவர்கள்தாம் விளக்க வேண்டும்.

ஆயினும் இப்பாதையின் சரித்திரத்தில் அடியேனுக்கு மிகவும் உவப்பான அத்தியாயம் பிற்காலத்தியது. 1965-இல் இரு தேசங்களும் பிரிந்து, 1967-இல் பாலத்தில் கடப்பிதழ் காட்ட வேண்டிய காலம் வந்த பிறகும், சிங்கப்பூரின் தென்கோடியில் 1932-இல் கட்டப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் மலேசிய ரயில்வேயின் சொத்தாகவே இருந்தது. 1998 ஆகஸ்டு முதல் தேதியன்று சிங்கப்பூர் தன் குடிநுழைவு மேஜையைத் தூக்கிக்கொண்டு வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸுக்குச் சென்றுவிட, மலேசியாவின் மேஜை மட்டும் தஞ்சோங் பகாரிலேயே தங்கிவிட்டது. ஆகவே அதன்பின் ஏறக்குறைய பதின்மூன்று வருஷ காலம், அங்கே ரயிலேறிய ஒருவன், முதலில் மலேசியாவுக்குள் பிரவேசித்து, பிறகு வண்டியில் அமர்ந்து சிங்கப்பூரின் மரங்களையும் அடுக்குமாடி வீடுகளையும் கொடியில் உலர்ந்த துணிகளையும் கண்ணாரக் கண்டுகொண்டே தீவைக் குறுக்காகக் கடந்து, கடைசியில் உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூரை விட்டு வெளியேறினான். கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையைச் சித்தர்கள் அறிந்திருந்தார்கள் என்று கேள்வி. ஆனால் அவர்களுக்கும் முதற்கூட்டை விட்ட பிறகே அடுத்த கூட்டில் இடம் கிடைத்தது. பழைய கூட்டில் உட்கார்ந்தபடியே புதிய கூட்டில் குடியேறும் சித்தி, பத்து மணி வண்டியைப் பிடிக்க ஓடிய சாமானிய ரயில் பிரயாணிக்குத்தான் வாய்த்தது.

அந்தச் சித்தி 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவோடு முடிந்தது. தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி வண்டியை ஜொகூர் சுல்தான் அவர்களே ஓட்டிச் சென்றார். இந்தப் பாதையில் நிச்சயமாக இடம் வேண்டுமென்றால் எஞ்சினில்தான் ஏற வேண்டும் என்ற ரகசியம் அரச குலத்துக்கு அன்றே தெரிந்திருக்கிறது. இப்பொழுது வடக்கே போகிறவனுக்கு இரு தேசத்து மேஜைகளும் உட்லண்ட்ஸிலேயே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன; சட்டப்படி மனிதனை அங்கேயே மலேசியாவுக்கு அனுப்பி வைத்துவிட்டு, உடம்பை மட்டும் பின்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வண்டியின் வேலை. உடம்புக்கு ஐந்து நிமிஷம் போதும். மனிதனுக்குத்தான் நேரம் பிடிக்கிறது.

நிற்க. கட்டண விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்த விண்ணப்பமே அதற்காகத்தான்.

உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளி. ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு 5 மலேசிய ரிங்கிட். தூரம் ஒன்று, வண்டி ஒன்று, இருக்கையின் கிழிசல்கூட ஒன்றே. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் இந்நாளில், போவதற்குக் கொடுக்கும் விலையில் மூன்று முறை திரும்பி வரலாம். இதைக் கொள்ளை என்று என் அண்டை வீட்டுச் சீனப் பெரியவர் சொல்கிறார். அடியேனோ இதில் தங்களுடைய பழமைப் பற்றைக் காண்கிறேன். 1973 மே 8-ஆம் தேதி வரையில் இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என்று கைமாறிக்கொண்டிருந்தன; அன்று அந்த ஏற்பாடு முறிந்தது. 1982 ஜனவரியில் தீபகற்பம் தன் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்தியபோது சிங்கப்பூரும் கூடவே நகர்த்திக்கொண்டது. கடிகாரத்தில் ஒட்டிக்கொண்ட சகோதரர்கள் காசில் மட்டும் ஒட்டவில்லை. இரு தேசத்து வங்கிகளும் மந்திரிமார்களும் மறந்துபோன அந்தச் சமத்துவத்தை இன்றைக்கும் விடாமல் காப்பாற்றி வருவது உலகத்திலே இரண்டு இடங்கள்தாம். ஒன்று தங்களுடைய பயணச்சீட்டுப் பிரிவு. மற்றொன்று தமிழ் மொழி. எங்கள் வீடுகளில் அந்தக் காசுக்கும் வெள்ளி என்றுதான் பெயர், இந்தக் காசுக்கும் வெள்ளி என்றுதான் பெயர். தாங்கள் கட்டணத்தை நிர்ணயித்த அன்று பக்கத்தில் ஒரு தமிழர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்தச் சமத்துவக் கொள்கையை ஜொகூர் பாருக் கடைக்காரர்கள் கேள்விப்படாமல் பார்த்துக்கொள்ளுமாறு மட்டும் பிரார்த்திக்கிறேன். அவர்களும் ஐந்துக்கு ஐந்து என்று தொடங்கிவிட்டால் நாங்கள் வருவதற்கு வேறு காரணம் வேண்டியிருக்கும்.

காரணங்கள் இல்லாமலில்லை. மேம்பால நடைபாதை வழியாக நிலையத்திலிருந்து நேரே அங்காடிக்குள் நுழைந்து, அங்கிருந்து படியிறங்கி வோங் ஆ ஃபுக் சாலையைக் கடந்து, பழைய தெருக்களுக்குள் புகுந்தால், விறகடுப்பில் வேகும் வாழைப்பழ கேக்குக்கு ஒரு வரிசை, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு வரிசை, பல் பிடுங்கிக்கொள்வதற்குக்கூட ஒரு வரிசை நிற்கிறது. மூன்றிலும் முன்னால் நிற்பவர் நம் புளோக்கில் நாலாம் மாடியில் குடியிருப்பவராக இருப்பார். அங்கே மின்தூக்கியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்த மனிதர் இங்கே அந்நிய தேசத்தில் கண்டுவிட்ட ஆனந்தத்தில் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். முடி வெட்டிக்கொள்ள நான் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடையில் இன்று எனக்கு முன்னால் ஏழு பேர், ஏழு பேரும் சிங்கப்பூர்வாசிகள். பையும் தலையும் ஒருவாறு சீரானபின், ரயில் பாதையை ஒட்டினாற்போலிருக்கும் இராஜகாளியம்மன் கோயிலுக்குப் போய், சுவரெல்லாம் கண்ணாடித் துண்டுகள் பதித்த அந்த மண்டபத்தில் நின்றேன். அம்பாள் ஒருத்திதான், கையில் சலவைத் தூளுடன் நிற்கும் பக்தன் மாத்திரம் ஆயிரமாயிரம் பேராகத் தெரிந்தான். அத்தனை பேருக்கும் இராத்திரி வண்டியில் இடம் எங்கே என்று நினைத்தபோது வயிறு கலங்கிற்று.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நம்மவர் வழக்கு. முக்கால் என்ற பின்னத்தின் மீது எங்கள் அரசாங்கத்துக்கும் ஒரு பிரியம் உண்டு. 1991 முதல், சிங்கப்பூர்க் கார் எதுவும் எரிபொருள் தொட்டி முக்கால் பங்கு நிரம்பாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. அக்கரையில் மலிவாகப் பெட்ரோல் நிரப்பிவந்துவிடுவோமே என்ற கவலை. வயிற்றுக்கு அப்படி ஒரு சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. ஆகவே என்னைப் போன்ற ரயில் பிரயாணிகள் முதல் நாள் இரவிலிருந்தே தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு புறப்படுகிறோம். திரும்பும்போது கையிலுள்ள சரக்கு 100 வெள்ளிக்கு மேற்பட்டால் மிச்சத்துக்குப் பொருள் சேவை வரி கட்ட வேண்டும் என்பதும், நாற்பத்தெட்டு மணி நேரம் வெளியே தங்கியவனுக்கு அந்த வரம்பு 500 வெள்ளியாக உயரும் என்பதும் என் மனைவிக்கு மனப்பாடம். தங்கள் வண்டியில் இடம் கிடைக்காமல் நான் இரண்டு நாள் இந்த நாற்காலியிலேயே தங்கிவிட்டால் மேற்கொண்டு 400 வெள்ளிக்குச் சாமான் கொண்டுவரலாமே என்று சற்று முன் தொலைபேசியில் யோசனை சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளா என்பதை இதுவரை நிச்சயிக்க முடியவில்லை.

பயணச்சீட்டு வாங்கும் வைபவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரக் கடைசிக்கான இருக்கைகள் இணையத்தில் வெளியாகும் நாளில், என் மகன் கைபேசியை முன்னே வைத்துக்கொண்டு பரீட்சை எழுதும் பாவனையில் உட்காருவான். போகும் சீட்டைப் பிடித்து, வரும் சீட்டுக்குத் திரும்புவதற்குள் மாலை வண்டிகள் எல்லாம் மாயமாகிவிடும். போவதற்கு மும்மடங்கு விலை என்றால் போகும் சீட்டு மிஞ்ச வேண்டும், வரும் சீட்டு அகப்படாமற்போக வேண்டும் என்பது பொருளாதார நியாயம். இரண்டும் அகப்படாமற்போவது தங்கள் நிர்வாகத்துக்கே உரிய நியாயம். இந்த நிலை நெடுநாள் நீடிக்காதாம். புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரைக் கொண்டுசெல்லக்கூடிய புதிய ரயில் ஒன்று தயாராகிறது; அது ஓடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் இந்தப் பழைய வண்டி ஓய்வு பெறும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டந்தான். இடம் கிடைப்பது அருமையாக இருந்தவரையில் ஜொகூர் பாரு வெளிநாடாக இருந்தது. பத்தாயிரம் பேர் நினைத்தபோது போய்வரலாமென்றால் அதுவும் சிங்கப்பூர்த் தேக்காவைப் போல ஒரு பேட்டையாகிவிடும். என் மனைவியோ, வாரத்துக்கு ஒருமுறை என்றிருப்பதை நாளுக்கு ஒருமுறை என்று மாற்றிவிடுவாள்.

ஆகையால், பழைய வண்டி இருக்கும்போதே என் விண்ணப்பத்தைக் கவனித்தருள வேண்டும். போவதற்கு 5 சிங்கப்பூர் வெள்ளியும் வருவதற்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தொகையும் ஆகிறபடியால், சிக்கனமாகக் குடித்தனம் நடத்தும் ஒருவன் செய்யத்தக்கது போவதை அறவே விட்டுவிட்டு வருவதை மட்டும் வைத்துக்கொள்வதுதான். சிங்கப்பூரை விட்டுப் புறப்படாமலே மலேசியாவுக்குள் பிரவேசிக்கச் செய்த சாமர்த்தியம் இந்தப் பாதைக்கு ஏற்கெனவே இருந்திருப்பதால், ஜொகூர் பாருவுக்குப் போகாமலே அங்கிருந்து திரும்பி வருவதற்கு ஓர் ஏற்பாடு செய்வது தங்களுக்குப் பிரமாதமன்று. அத்தகைய திரும்பும் சீட்டுகள் மாதத்துக்கு நான்கு, சனிக்கிழமைகளில், பரோட்டா இளகாத வேளையாகப் பார்த்து —

கதவைத் திறந்துவிட்டார்கள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நாலாம் மாடிக்காரர் எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு கையசைக்கிறார். மீதியை அடுத்த ரசீதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விதேய ஊழியன்,
மூக்குக் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவந்ததை இக்கணம் உணரும் ஒரு பிரயாணி