மலிவாக வந்த டோசர்

மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கட்டுபடியாகாது என்று மச்சான் பழைய புல்டோசர் ஒன்றையே வாங்கிவிட்டார். மீட்டர் காட்டியது 4,000 மணி நேரம்தான். பிய்ந்து தொங்கிய சீட்டுப் பஞ்சும் வழவழவென்று தேய்ந்திருந்த பெடலும் வேறு கணக்குச் சொல்லின. விற்றவர் புது பெயிண்ட் அடித்திருந்தார், கிரீஸைத் துடைக்காமலே.

டோசரின் பராமரிப்புச் செலவில் பாதியைச் செயினும் ரோலரும் ஸ்ப்ராக்கெட்டும் தின்றுவிடும் என்பார்கள். நம்ம ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் தேய்ந்து சுறாப்பல்லாகக் கூர்ந்திருந்தன. “எவ்வளவு ஷார்ப்பா இருக்கு பாரு மாப்ளே!” என்று மச்சான் அதையும் பெருமையாகக் காட்டினார்.

இரும்புச் செயின் தார்ரோட்டைக் கிழித்துவிடும். டிரெய்லரில்தான் ஏற்றிப் போக வேண்டும். ஆக, சொந்த வண்டி தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததே வாடகை வண்டியில். வந்த மூன்றாம் நாள் படுத்தது. எழவேயில்லை.

வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. போன மாதம் மச்சான் சத்தமில்லாமல் அங்கே மனு கொடுத்தார். மேட்டைச் சமப்படுத்த வந்த அந்த வண்டி, முதல் வேலையாக, நம்ம வண்டியை ஓரமாகத் தள்ளியது. ஒரு மணி நேர வாடகை அதற்கே சரியாகப் போயிற்று.