கோப்பும் கோப்பையும்: டவுனிங் தெரு விருந்தியல் குறித்து ஓர் ஆய்வு

ஒரு கூட்டம் எந்தக் கணத்தில் அலுவல் என்ற நிலை நீங்கி விருந்து என்ற நிலையை அடைகிறது? தத்துவ ஞானிகள் தொடாமல் விட்ட இந்த வினாவைப் பிரிட்டனின் காவல்துறையும் நாடாளுமன்றமும் மெனக்கெட்டு ஆராய்ந்தன. ஆய்வுக்களம்: லண்டன் டவுனிங் தெரு, 10ஆம் எண், பிரதமரின் வீடும் அலுவலகமும். காலம்: வேலைக்கு அவசியமென்றால் ஒழிய நாலு பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று அந்த வீட்டிலிருந்தே ஊருக்கு உத்தரவு போன கொரோனாக் காலம்.

உண்மையை அறியக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை நம் தருக்க நூலார் வகுத்தனர். காண்டலை எடுத்துக்கொள்வோம். 2020 மே 15 அன்று தோட்டத்தில் எடுத்த படத்தில் ஒயினும் பாலாடைக்கட்டியும் தெரிகின்றன. அலுவல் சந்திப்பு என்றது அரசு. மறுக்க முடியவில்லை, வேலை என்ன கண்ணுக்குத் தெரியும் பொருளா?

உரை அளவையோ இன்னும் பரிதாபம். ஐந்து நாள் கழித்து நடந்த தோட்டக் கூடுகைக்குப் போன மின்னஞ்சல், அவரவர் மதுவை அவரவரே கொண்டுவரச் சொன்னது. பிரதமர் போரிஸ் ஜான்சன் அங்கே 25 நிமிடம் போல இருந்தார். தோட்டம் அலுவலகத்தின் நீட்சி என்றும், நடந்தது அலுவல் நிகழ்ச்சி என்றே தாம் நம்பியதாகவும் 2022 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னார். இவ்வாறு நான்காவதாக நம்பிக்கை அளவை பிறந்தது. இதற்குக் கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம்.

கேக் தனி இயலுக்கு உரியது. 2020 ஜூன் 19, ஜான்சனின் 56ஆம் பிறந்தநாள். அமைச்சரவை அறையில் ஊழியர்கள் கூடினர். பிரதமர் எதையும் ஏற்பாடு செய்யவில்லை, ஒரு வகையில் கேக்தான் அவரைப் பதுங்கியிருந்து தாக்கியது என்று கானர் பர்ன்ஸ் என்ற அமைச்சர் விளக்கினார். ஆநிரை கவர்வதற்கும் மதில் வளைப்பதற்கும் திணை வகுத்த தொல்காப்பியர், பதுங்கும் கேக்குக்கு ஒரு துறைகூட வகுக்கவில்லை. காவல்துறையும் இந்தப் போரை ஏற்கவில்லை. தாக்குண்டவருக்கே 50 பவுண்டு அபராதம் போட்டது. அவர் மனைவிக்கும் அதே. கொரோனா ஆலோசனைக் கூட்டத்துக்காக அந்த அறைக்கு வந்த அன்றைய நிதியமைச்சர் ரிஷி சுனக்குக்கும் அதே. அலுவலுக்கு வந்தவர் விருந்தாளியாகிவிட்டார்.

புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதல். 2021 ஏப்ரல் 16 இரவு ஊழியர்கள் இருவருக்கு வழியனுப்பு விழாக்கள். தோட்டத்தில் இருந்த குழந்தை ஊஞ்சல் சேதமானது; அதைக் கண்டு விருந்தை உணரலாம். ஜான்சன் அன்று அங்கில்லை. மறுநாள் கணவர் பிலிப்பின் இறுதிச் சடங்கில் அரசி எலிசபெத் விதியை மதித்துத் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னாளில் டவுனிங் தெருவினர் அரண்மனையிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

உண்மையில் இத்தனை அளவைகளும் வீண். 2020 டிசம்பர் கூடுகை ஒன்றுக்கு மறுநாள் காலை சுவரில் சிவப்பு ஒயின் சிந்திக்கிடந்ததைத் துப்புரவுப் பணியாளர் பார்த்ததாக, இந்தக் கூடுகைகளை விசாரித்த அரசு அதிகாரி சூ கிரேயின் அறிக்கை சொல்கிறது. நடந்தது அலுவலா விருந்தா என்று அந்தப் பணியாளரிடம் அன்றே கேட்டிருந்தால், ஒரு நிமிடத்தில் விசாரணை முடிந்திருக்கும். இப்படிப்பட்ட பணியாளர்களிடம் சிலர் மரியாதையின்றி நடந்ததையும் அதே அறிக்கை பதிந்திருக்கிறது.

ஒப்பீட்டுக்கு எதிர்க்கட்சித் தரப்பிலிருந்தும் ஒரு சான்று கிடைத்தது. 2021 ஏப்ரல் 30 அன்று டர்ஹாமில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் கெய்ர் ஸ்டார்மர் கையில் பீர் பாட்டில். உடன் கடையில் வாங்கிய கறி. வேலைக்கு நடுவே சாப்பிட்டோம், அபராதம் வந்தால் பதவி விலகுவேன் என்றார். முட்டைக்கு இறைச்சிக் கவசம் போட்டுப் பொரித்த ஸ்காட்ச் எக் முழுச் சாப்பாடுதானா என்று அமைச்சர்களே முரண்பட்டுப் பேசிய நாட்டில், கறி அலுவலாகுமா என்று காவல்துறை ஆராய்ந்ததில் வியப்பில்லை. 2022 ஜூலை 8 அன்று தீர்ப்பு: விதிமீறல் இல்லை. ஜான்சன் பதவி விலகலை அறிவித்தது அதற்கு முந்தைய நாள்.

டவுனிங் தெருக் கணக்கு இது: 83 பேருக்கு 126 அபராதங்கள். இந்தக் கூடுகைகள் குறித்து ஜான்சன் அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்தினார் என்று நாடாளுமன்றச் சிறப்புரிமைக் குழு முடிவு செய்தது. அதற்குள் அவர் எம்.பி. பதவியையும் விட்டிருந்தார். அறிக்கையை 354க்கு 7 என்ற வாக்குகளில் அவை ஏற்ற நாள் 2023 ஜூன் 19. ஜான்சனின் 59ஆம் பிறந்தநாளில் அத்தனை பேர் ஓரிடத்தில் கூடியது முழுக்க அலுவலுக்காகவே என்பதில் மட்டும் எவரும் ஐயம் எழுப்பவில்லை.