நெல்லுச்சோறும் கம்மஞ்சோறும்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு, குதிரைவாலி, சோளம். வானம் பார்த்த கரிசலில் வேறு என்ன விளையும்? அப்பத்தா கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் குத்துவாள். முறத்தில் உமியைப் புடைத்து, மறுபடி இடித்து, குருணையை உலையில் போட்டு, மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டுவாள். ஆறியதும் உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டுவைப்பாள். மறுநாள் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்போம். ஆனால் அப்பத்தா அதை ஆசைப்பட்டுச் சாப்பிடவில்லை. “எம் பிள்ளையாவது மூணு வேளையும் நெல்லுச்சோறு திங்கணும்” என்பதுதான் அவள் சாமியிடம் கேட்டது.

கேட்டது கிடைத்தது. அப்பாவுக்கு குமாஸ்தா வேலை கிடைத்து மதுரைக்கு வந்தோம். ஊரிலும் நிலைமை மாறியது. ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று, 2011-இல் இலவசமே ஆயிற்று. பசித்த வயிற்றுக்கு அது பெரிய கொடை. அதை யாராவது ஏளனமாகப் பேசினால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் சோறு வந்தபோது குனிந்து நிமிரும் வேலை போய்விட்டது. உரல் போய் கிரைண்டர், பாய் போய் டைனிங் டேபிள். அப்பாவுக்கு பிரஷர், அம்மாவுக்கு சர்க்கரை. அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1 என்று வந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அதில் எங்கள் வீட்டுக் கணக்கும் உண்டு.

“சோத்தக் குறைங்க, சிறுதானியம் சேத்துக்குங்க, யோகா பண்ணுங்க” என்றார் டாக்டர். வீடு வந்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏங்க, எதுலருந்து தப்பிச்சு வந்தோமோ அதுக்கே போகச் சொல்றாரே.”

பூங்காவில் யோகா வகுப்பு. ஆசிரியை முதலில் சொன்னது, சம்மணம் போட்டு உட்காருங்கள் என்பதுதான். சின்ன வயதில் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டு வளர்ந்த அப்பாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. ஆசிரியை துண்டை மடித்து அவர் முட்டிக்கு அடியில் வைத்தார். பிரஷர் இருப்பதால் தலைகீழ் ஆசனங்கள் கூடாது, மூச்சை அடக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்பா பள்ளிக்கூடத்தில் தண்டனையாகப் போட்ட தோப்புக்கரணமும் பயிற்சியாகத் திரும்பி வந்தது. அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு போட்டார்.

சாப்பாட்டில்தான் நிறையக் கற்றோம். அக்கம்பக்கத்தில் சொன்னார்கள் என்று அம்மா காலையில் கேழ்வரகுக் கஞ்சி குடித்தார். சர்க்கரை ஏறித்தான் நின்றது. நைசாக அரைத்த மாவு சீக்கிரம் செரித்து ரத்தத்தில் கலந்துவிடும். கேழ்வரகில் கால்சியம் அதிகம் என்பது உண்மைதான், அதற்காகக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று ஆகிவிடாது. முழுத் தானியமாகச் சோறு பொங்க வேண்டும், அதுவும் தட்டில் கால் பங்கு. பாதித் தட்டு காய். முதலில் பொரியல், பிறகுதான் சோறு. பாக்கெட்டில் வெள்ளைவெளேரென்று தீட்டி வரும் குதிரைவாலியை நாங்கள் வாங்குவதில்லை, தவிடு போனால் அதற்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசமில்லை. சாப்பிட்டதும் இருவரும் மாடியில் கொஞ்சம் நடக்கிறார்கள். தசை வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அப்பத்தா வெயிலில் களையெடுத்தபோது நடந்ததும் அதுதான்.

அம்மாவின் மூன்று மாதச் சராசரி இப்போது 6.8. மாத்திரையை டாக்டர் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. நாங்களாக நிறுத்தவும் மாட்டோம்.

ஊரிலிருக்கும் சித்திக்கும் சர்க்கரைதான். குதிரைவாலி வாங்கிச் சாப்பிடச் சொன்னேன். “ரேசன்ல அரிசி சும்மா கெடைக்கு. குதிரவாலியக் காசு குடுத்து வாங்கவா?” என்று கேட்டார். ஒரு காலத்தில் அதை விளைவித்த ஊர் அது. நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023-இல் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கரிசல் பக்கத்து ரேஷன் கடைகளில் கம்பும் குதிரைவாலியும் அப்படிக் கிடைக்க வேண்டும், அவற்றைக் கரிசல் விவசாயியிடமே நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டும்.