இடுப்பில் தொடங்கிய எரிபொருள் நெருக்கடி

2022 யூன் 26, ஞாயிற்றுக்கிழமை. பெற்றோல் லீற்றர் 470 ரூபா என்று விடிந்தது. வருடம் பிறக்கும்போது 177. சரி, 470 ஐக் கொடுப்போம் என்றால் பெற்றோல் செட்டில் கொடுக்கிறதற்கு ஆள் நிற்கிறார், பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளை இரண்டு நாள் வரிசையில் விட்டு, மூன்றாம் நாள் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தேன். வந்த களைப்பில் பின்வளவுக் கொட்டிலுக்குள் அண்ணாந்து பார்த்தால், வளையில் கயிறு போட்டுக் கட்டின என்னுடைய பழைய சைக்கிள் தொங்குகிறது.

கட்டினவன் நான்தான். யுத்தம் முடிந்து, லீசிங்காரர் யாழ்ப்பாணத்துக்குள் வந்திறங்கிய புதிதில் தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். எடுத்த அன்றைக்கே, இனி இந்தச் சென்மத்தில் உழக்குவதில்லை என்று சத்தியம் பண்ணி, சத்தியம் கழன்றுவிடாதபடிக்கு முடிச்சும் போட்டேன். அந்த முடிச்சை அவிழ்க்க அரைமணித்தியாலம். சைக்கிள் இறங்கியது. இடுப்பு பிடித்துக்கொண்டது. நாடே பெற்றோலுக்கு அலைந்த அந்த வாரத்தில் நான் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன்.

எழும்பினதும் சைக்கிள் கடை. கடைக்காரத் தம்பி ரியூப்பை வெளியே இழுத்து, காற்றடித்து, தண்ணீர்ப் பேசினுக்குள் அமுக்கினான். குமிழி ஒரு இடத்தில் வரும், இரண்டு இடத்தில் வரும் என்று பார்த்தால், பேசின் முழுக்கச் சோறு கொதிக்கிற மாதிரி வந்தது.

"அண்ணை, இதிலை ரியூப் இல்லை. ஒட்டுத்தான் இருக்கு. ஒட்டுகளுக்கு இடையிலை கொஞ்சம் ரியூப் தெரியுது."

"அப்ப புதுசு ஒண்டு போடன்."

"கொழும்பிலை இருந்து வரவேணும்."

"எப்ப வரும்?"

"லொறிக்கு டீசல் கிடைச்சால் வரும்."

பெற்றோல் இல்லாததால் சைக்கிளுக்கு வந்தவன் நான். சைக்கிளும் டீசலுக்காகக் காத்து நின்றது. கடைசியில் அரத்தாளால் தேய்த்து, சொலூசன் பூசி, ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு அனுப்பிவைத்தான்.

இந்த ஒட்டுகளுக்கும் எனக்கும் பழைய சொந்தம். 1990 இல் எனக்கு வயது 17. குடாநாட்டுக்குள் பெற்றோல் வரத் தடை, மின்சாரமும் இல்லை. பெரியப்பாவின் மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. எடுபடுவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். அதைச் சின்னப் போத்தலில் சாமியறையில் வைத்திருந்தார், தீர்த்தம் மாதிரி. கார் புறப்பட்டால் ஒழுங்கை முழுக்க நூறு குப்பிவிளக்கு ஒன்றாக அணைந்த மணம்.

வீட்டில் மிச்ச வேலை எல்லாம் சைக்கிளுக்கு. விறகு, நெல்மூட்டை, ஆஸ்பத்திரிக்கு அம்மம்மா, எல்லாரும் கரியரில்தான். இரவானால் அதே சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்பார்கள். பி.பி.சி. தமிழோசை கேட்க அயலட்டை முழுக்க முற்றத்தில் கூடும். உழக்குகிறவன் நான். இளைத்துப்போய் வேகம் குறைத்தேனோ, செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும், உடனே பத்துப்பேர் "உழக்கடா!" என்பார்கள். செயின் சத்தத்தில் ஊரில் அந்தச் செய்தி கேட்காத ஒரே ஆள் நான். அடுத்தநாள் காலையில் நாட்டில் என்ன நடந்தது என்று அடுத்த வீட்டில் போய் விசாரித்துத்தான் தெரிந்துகொள்வேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், நாவற்குழிப் பக்கம் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்தபோது மட்டும் அந்தச் சைக்கிளை நான் உழக்கவில்லை. உருட்டினேன். ஏறி இருக்க இடமில்லை, வீடு முழுக்க அதன்மேல் இருந்தது.

அப்படிப்பட்ட சைக்கிளைத்தான் தூக்கிக் கட்டியிருந்தேன். அது பழையதை மனதில் வைத்திருக்கவில்லை. சீற்றுக்குத்தான் ஏதோ வன்மம் இருந்தது.

சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மேடு பள்ளம் கிடையாது. எங்கள் பக்கத்தில் மலை என்று பெயரெடுத்தது கீரிமலை; அங்கே போனாலும் கேணிதான் இருக்கிறது. ஆனால் மலை செய்யாததைச் சோளகம் செய்தது. யூன், யூலையில் தெற்கிலிருந்து வீசுகிற காற்று. காலையில் நான் தெற்கே கந்தோருக்குப் போக அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்: "உனக்கு ஏன் இந்த வேலை? திரும்பிப் போ." பின்னேரம் வீட்டுக்கு வரும்போது முதுகில் தட்டி அனுப்பிவைக்கும். அரச ஊழியனின் மனதை இவ்வளவு விளங்கிக்கொண்ட காற்றை நான் கண்டதில்லை. அரசாங்கத்துக்கும் அது விளங்கியதோ என்னவோ, வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று தோட்டம் செய்யுங்கோ என்று லீவு தந்தது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற மகன் ஒருநாள் கொப்பியோடு வந்தான்.

"அப்பா, ஒரு லீற்றர் பெற்றோலுக்குள்ளை கிட்டத்தட்ட 8,000 கலோரி இருக்கு. சைக்கிள் உழக்க ஒரு கிலோமீற்றருக்கு 25 கலோரி அளவிலை போதும். அப்பிடிப் பாத்தால் நீங்கள் லீற்றருக்கு 300 கிலோமீற்றருக்கு மேலை ஓடுறீங்கள். மோட்டச்சைக்கிள் 50 தான்!"

நெஞ்சு நிமிர்ந்தது. குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உவர் லீற்றருக்கு எங்கை ஓடுறார்? புட்டுக்கெல்லோ ஓடுறார்!"

உண்மைதான். முன்பெல்லாம் காலையில் ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு வீட்டில் மூன்று பேருக்குப் போதும். உழக்கத் தொடங்கிய பிறகு அது என்னை முற்றவெளி வரைக்கும்தான் கொண்டுபோனது. திரும்பிவரத் தனிப்புட்டு. பெற்றோலில் மிஞ்சியது கிழமைக்கு இரண்டு லீற்றர், 940 ரூபா. அரிசிமாவும் தேங்காயும் விற்ற விலையில், அந்த 940 எந்தப் பக்கமாக வீட்டைவிட்டு வெளியேறியது என்று மனிசி கணக்குக் காட்டினாள். கேட்கக் கூடிய கணக்கு இல்லை.

யூலைக் கடைசியில் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர், எனக்குத் தாராளம். அன்றைக்கே சைக்கிளை விட்டிருப்பேன். ஆனால் அதற்குள் கந்தோரில் வாயைக் கொடுத்துவிட்டேன். சீனி குறைந்துவிட்டது, மூட்டு லேசாகிவிட்டது, பெற்றோல் வந்தாலும் இனி உழக்குத்தான் என்று மதியச் சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் வைத்தவன், எந்த முகத்தோடு மோட்டார் சைக்கிளில் போய் இறங்குவது? நாட்டின் நெருக்கடி தளர்ந்த பிறகும் இரண்டு மாதம் என்னுடைய நெருக்கடி நீடித்தது. கடைசியில், நல்ல காலமாக, மாரிமழை வந்து என்னைக் காப்பாற்றியது.

ஒரு சனிக்கிழமை சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கொட்டிலுக்குள் உருட்டிக்கொண்டு போனேன். கயிறு எடுத்து வளைக்கு மேலால் எறியக் கை ஓங்கும்போது மனிசி வாசலில் வந்து நின்றாள்.

"கட்டித் தூக்காதேங்கோ."

"ஏன், சும்மா கிடந்து கறள் பிடிக்கவோ?"

"கறள் பிடிச்சால் பரவாயில்லை. திருப்பி இறக்கேக்கை உங்களுக்கெல்லோ இடுப்புப் பிடிக்கும்."