தகுதி பெற்றவர்கள் வெளியே நிற்கவும்

தெல்லிப்பழையில் என் பெரியப்பாவைப் பேர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘இருநூற்றி நாற்பத்தொண்டு வீடு எது?’ என்று கேளுங்கள். சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரன் படலை வரைக்கும் கொண்டுவந்து விடுவான். அது அவர் உயர்தரப் பரீட்சையில் எடுத்த புள்ளி. நாலு பாடம், நானூறு புள்ளி, அதில் 241. 1971இல் மருத்துவத்துக்கு எடுபட, சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 229 போதும்; தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250 வேண்டும். பெரியப்பா இரண்டுக்கும் நடுவில் போய் விழுந்தார். விழுந்த இடத்திலேயே ஒரு தகரக் கொட்டில் போட்டு நாற்பது வருடம் விலங்கியல் படிப்பித்தார். அவரிடம் படித்து டொக்டரானவர்கள் நாலு கண்டத்தில் இருக்கிறார்கள். அவருக்குச் சீனி வருத்தம் வந்தபோது, அவர்களில் ஒருவரைப் பார்க்கத்தான் விடிய நாலு மணிக்குப் போய் நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில் குந்தியிருந்தார்.

அவருக்கு அநியாயம் நடந்ததென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரசாங்கம் அநியாயம் செய்யாது, தரப்படுத்தல்தான் செய்யும். பேராதனையில் பொறியியலுக்கும் அதே தராசு: சிங்களத்தில் எழுதினால் 227, தமிழில் எழுதினால் 250. ஒரே கேள்வி, ஒரே விடை. ஆனால் தமிழில் எழுதிய விடை இருபத்திச்சொச்சம் புள்ளி குறைந்த எடை. மொழிக்கு எடை உண்டு என்று கண்டுபிடித்த பௌதிகவியலாளருக்கு ஏன் ஒருவரும் நோபல் பரிசு கொடுக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்காத விசயம். என்னதான் சொன்னாலும் அன்றைய அரசாங்கம் கணக்கில் புலி. (அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். 1970இல் தமிழ் மாணவர் பேரவை என்று ஒன்று தொடங்கியது, இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகு சொல்லுக்குப் புது அர்த்தம் வந்தது எப்படி என்று விசாரிக்க ஆணைக்குழுக்கள் வந்தன. பழைய வெட்டுப்புள்ளிப் பட்டியலை எடுத்துப் பார்த்திருந்தால் ஆணைக்குழுச் செலவு மிச்சம்.)

பிறகு மொழியை விட்டுவிட்டு மாவட்டத்தைப் பிடித்தார்கள். இங்கே ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தான் சொன்னால் ஊரில் அடி விழும். மொழியைப் பார்த்து வெட்டியது பச்சை அநியாயம். மாவட்டத்தைப் பார்த்துப் பங்கிட்டதில் கொஞ்சம் நியாயமும் கிடந்தது. ஆய்வுகூடத்தையே காணாத முல்லைத்தீவுப் பிள்ளையிடமும் மட்டக்களப்புப் பிள்ளையிடமும் கேட்டால் வேறு கதை சொல்லுவார்கள். நாங்கள் அந்தக் கதையைக் கேட்கிற வழக்கமில்லை. யாழ்ப்பாணம் ‘முன்னேறிய மாவட்டம்’ என்று அரசாங்கம் சொன்னபோது, அழுதுகொண்டே உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டவர்கள் நாங்கள்.

முன்னேறித்தான் இருந்தோம். அமெரிக்க மிசனரிமார் 1816இல் வந்து பள்ளிக்கூடம் வைத்த ஊர் எங்கள் தெல்லிப்பழை. யூனியன் கல்லூரியின் வேர் அதுதான். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் மகாஜனாவைத் தொடங்கினார். ஒரு ஊரில் இப்படி இரண்டு பள்ளிக்கூடம் கிடந்தால் எந்த அரசாங்கத்துக்குத்தான் மனம் பதறாது? இந்த முன்னேற்றத்தைச் சும்மா விட்டுவைக்கலாமா?

விடவில்லை. 1990 ஜூனில் சண்டை மூள, எங்கள் வலிகாமம் வடக்கே ஒட்டுமொத்தமாக எழும்பி ஓடியது. பள்ளிக்கூடங்களும் எங்களோடு சேர்ந்து ஓடின. அடுத்த ஊர்களில் கொட்டில் போட்டுப் படிப்பித்தன. எங்கள் காணிகள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற உயர்ந்த பட்டம் பெற்றன. உயர்தரம் எழுதாமலே உயர்வு பெற்றது இந்த ஊரில் அந்தக் காணி மட்டும்தான். கோணப்புலத்திலும் மல்லாகத்திலும் முகாம்களில் கால் நூற்றாண்டு போனது. குப்பி விளக்கில் படித்த பிள்ளை, முகாமிலிருந்து எழுதிய பிள்ளை, தன் வீட்டு வளவு கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் தெரியத் தெரிய இந்தப்பக்கம் நின்று பாடமாக்கிய பிள்ளை. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், அதுதானே சமத்துவம்.

இனி இந்த நாட்டின் மிகப்பெரிய கல்விச் சாதனைக்கு வருகிறேன். இன்றைக்குப் பல்கலைக்கழக அனுமதி இப்படி: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் ஒன்று யாழ்ப்பாணம். ஆம், அதே யாழ்ப்பாணம்தான். முன்னேறியது என்பதற்காக வெட்டப்பட்ட மாவட்டம், பின்தங்கியது என்பதற்காகக் கை தூக்கி விடப்படுகிறது. அரசாங்கங்கள் எத்தனையோ திட்டம் போட்டுக் கோட்டை விட்டிருக்கின்றன. மகாவலி ஒழுகியது, சீனி ஆலை நின்றது, காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை பேய் வீடானது. இந்த ஒரு திட்டம் மட்டும் பிசகில்லாமல் நிறைவேறியிருக்கிறது. நன்றி சொல்ல ஒருவரும் வரவில்லையே என்றுதான் நான் எழுதுகிறேன்.

பரீட்சை இலவசம். இதை அடிக்கடி நினைவூட்டுவார்கள். கன்னங்கரா 1945 ஒக்ரோபர் 1இல் கொண்டுவந்த இலவசக் கல்வியின் நீட்சி: பள்ளிக்கூடத்தால் எழுதுகிற பிள்ளை ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. உண்மைதான். ஒரு அதிகாரி இருக்கிறார் என்று வையுங்கள். கிணறு வெட்டமாட்டார், துலா போடமாட்டார், கயிறும் தரமாட்டார். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வந்து, நீ எத்தனை வாளி இறைத்தாய் என்று சதக் காசு வாங்காமல் அளந்துவிட்டுப் போவார். இறைக்காதவனுக்கு அவரே ஒரு சான்றிதழும் தருவார்.

நாட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் பத்தாயிரத்துக்கு மேல். அதில் உயர்தரத்துக்கு விஞ்ஞானமும் கணிதமும் உள்ளது ஆயிரம் அளவில். மிச்ச ஒன்பதாயிரத்தில் படிக்கிற பிள்ளைக்கு டொக்டராகிற ஆசை வந்தால் அது அந்தப் பிள்ளையின் ஒழுக்கக் குறைபாடு. ஆயிரத்துக்குள் இடம் பிடித்தவனும் தப்பவில்லை. இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் கேட்டுப் போயிருப்பார், பதிலுக்கு வரவேண்டியவர் வேறொரு இடத்தில் இடமாற்றத்தை எதிர்த்து நிற்பார். இரண்டு பேரும் கிடைக்காத தவணையில் பிள்ளைகள் பள்ளிக்கூட வளவில் புல்லுப் பிடுங்குவார்கள்.

ஆகவே ரியூசன். காலை ஐந்தரைக்கு முதல் வகுப்பு. சைக்கிள் லைட் இல்லாமல் பெட்டைப்பிள்ளைகள் இருட்டில் ஓடுகிறார்கள். ஏழரைக்குப் பள்ளிக்கூடம், அது நித்திரை கொள்ளுகிற இடம். இரண்டரைக்குத் திரும்பவும் ரியூசன், இரவு எட்டு மட்டும். தகரக் கூரை, நெருக்கி அடுக்கிய வாங்குகள், முன்னால் மைக் பிடித்த சேர். கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்குச் சேர் ஒரு குரல் மட்டும்தான், அசரீரி மாதிரி. காலையில் பள்ளிக்கூடத்தில் தொண்டை கட்டியிருந்த அதே ஆசிரியருக்குப் பின்னேரம் மைக்கில் கணீரென்று குரல் வருகிற அதிசயத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். தாய் காப்பை அடகு வைக்கிறாள், தகப்பன் மாட்டை விற்கிறான், பரீட்சை இலவசம்.

எழுதி முடித்தால் புள்ளி வராது. இசட் புள்ளி வரும். 2001இலிருந்து அப்படித்தான். எடுத்த புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுக்க வேண்டும். விலகலுக்குக்கூட ஒரு நியமம் வைத்திருக்கிற நாடு இது. வலிகாமம் வடக்கு எத்தனை நியம விலகல் தூரம் விலகியது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. சூத்திரம் நல்ல சூத்திரம்தான், குறை சொல்லமாட்டேன். அதைக் கையாண்டவர்கள்தான் பெறுமதியானவர்கள். 2011இல் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதுப் பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் எழுதின. இரண்டு வேறு பரீட்சை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி இசட் புள்ளி எடுத்து, நத்தார் தினத்தன்று பெறுபேறு வெளியிட்டார்கள். புள்ளிவிபரவியல் படிக்கத் தொடங்கிய பிள்ளைகூட ‘அது கூடாது சேர்’ என்று சொல்லியிருக்கும். உயர் நீதிமன்றம் 2012 ஜூனில் அந்தக் கணிப்பைத் தூக்கி எறிந்தது. பிள்ளைகளின் பரீட்சையைத் திருத்துகிறவர்களின் கணக்கை நீதியரசர்மார் திருத்தினார்கள். அந்தப் பாடத்தில் சித்தியடையாதவர்கள் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்காதீர்கள். மாணவன் பிழை விட்டால் ஒரு வருடம் போகும். திணைக்களம் பிழை விட்டாலும் அதே மாணவனுக்குத்தான் ஒரு வருடம் போகும். இதிலும் ஒரு சமத்துவம் இருக்கிறது பாருங்கள்.

அதே 2012இல், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குங்கள் என்று பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறு வீதம் வந்ததா என்று கேட்கிறவர் இந்த நாட்டுக்குப் புதியவர்.

2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியது. (ஆண்டு பிழையில்லை, பரீட்சைதான் பிந்தி வந்தது.) பரீட்சை நடக்கிற நாளிலும் கரண்டை வெட்டினார்கள். வெட்டாதே என்று மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட வேண்டியிருந்தது. ஒரு பிள்ளை இரவில் புத்தகத்தைப் பார்ப்பது இந்த நாட்டில் மனித உரிமை வழக்கு. எழுதி முடித்த விடைத்தாள்களைத் திருத்த ஆளில்லை. விரிவுரையாளர்கள் வரி உயர்வுக்கு எதிராகப் பகிஷ்கரிப்பு. பெறுபேறு வர செப்ரெம்பர் ஆனது. அடுத்த பரீட்சையில், 2024 ஜனவரியில், விவசாய விஞ்ஞான வினாத்தாள் மண்டபத்துக்கு வர முன்னமே சமூக ஊடகத்துக்கு வந்தது. பெப்ரவரி 1இல் திரும்ப எழுதுவித்தார்கள். உடுப்பு மடிப்பைத் தட்டிப் பார்த்துப் பிள்ளையை உள்ளே விடுகிறவர்கள், வினாத்தாள் எந்தப் பொக்கற்றில் வெளியே போகிறதென்று பார்க்கவில்லை. அந்த வருடமே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று கேள்விகள் கசிய, அதற்கு எல்லாப் பிள்ளைக்கும் இலவசப் புள்ளி என்று அறிவித்தார்கள். இலவசக் கல்வி கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது.

என் வயிறு எரிகிற இடம் இவை ஒன்றுமில்லை. அந்த 2022 பரீட்சைப் பெறுபேற்றில் ‘பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றவர்கள்’ 166,938 பேர். எழுதியவர்களில் நூற்றுக்கு அறுபத்துமூன்று பேர். அமைச்சர்மாருக்குச் சந்தோசம். உள்ளே எடுத்தது நாற்பதாயிரத்துச் சொச்சம். மிச்சம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுக்கிறார்கள்: நீ தகுதி பெற்றிருக்கிறாய். கலியாணத்துக்கு வீடு வீடாய்ப் போய் அழைப்பிதழ் வைத்துவிட்டு, வந்தவர்களில் நாலில் மூன்று பேரைப் படலையில் மறித்து ‘நீங்கள் சாப்பிடத் தகுதியானவர்தான், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை’ என்று கைகூப்பித் திருப்பி அனுப்புகிற வீட்டை என்ன சொல்லுவீர்கள்? பெயில் விட்ட பிள்ளைக்குக் கோபிக்க ஒரு காரணம் கிடைக்கும், தன்னைத்தானே நொந்துகொள்ளும். தகுதி பெற்ற பிள்ளைக்கு அதுவும் இல்லை. அது பாஸ்போட் எடுக்கிறது.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்ரோபரில் கப்பல் விட்டார்கள். அந்தக் கரையிலாவது வேறு மாதிரி இருக்குமென்று நினைக்க வேண்டாம். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர்ப் பிள்ளை, நீட் என்ற மருத்துவ நுழைவுத்தேர்வுச் சல்லடையில் நின்று 2017 செப்ரெம்பரில் உயிரை விட்டது. அதற்கு மூன்று வருடம் கழித்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை வீதம் ஒதுக்கினார்கள். 2024இல் அதே நீட்டில் முதலில் வந்த பெறுபேற்றில் 67 பேர் 720க்கு 720. ஞானிகள் திடீரென்று பெருகிவிட்டார்கள்.

எங்கள் ஆட்களையும் விட்டுவைக்கக் கூடாது. கே.கே.எஸ். வீதியால் பெறுபேறு வந்த கிழமை போய்ப் பாருங்கள். மாவட்ட முதலிடம், மாவட்ட இரண்டாமிடம், பனர் பனராய்த் தொங்கும். ஒரே பிள்ளையின் முகம் மூன்று ரியூற்றரியின் பனரில். பிள்ளை எவனுடைய தயாரிப்பு என்பதில் மூன்று பேருக்கும் வழக்கு. எடுபடாத பிள்ளைகளின் முகத்தை ஒரு பனரிலாவது பார்த்திருக்கிறீர்களா? அவர்களும் அதே காசைத்தான் கட்டினார்கள். இன்னொரு கெட்டித்தனம் உண்டு: ஆனையிறவுக்கு அங்கால் வெட்டுப்புள்ளி குறைவு. மூன்று வருடம் அங்கே படித்தால் அந்த மாவட்டம். பிள்ளைக்குப் பதிவு வன்னியில், சீவியம் யாழ்ப்பாணத்தில். எங்களுக்கு வெட்டியவனைத் திட்டின வாயாலே வன்னிப் பிள்ளையின் கோப்பையில் கை வைக்கிறோம். அதற்கு நாங்கள் வைத்த பேர் ‘யோசிச்சுச் செய்யிறது’.

போன கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பேத்திக்குப் பெறுபேறு வந்திருக்கிறது, இரண்டாந்தரம் எழுதியது. எழுதப் போகிற அன்று துர்க்கை அம்மன் கோயிலில் பேனையை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனது. பிள்ளை விறாந்தையில் குந்தியிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் புரட்டிக்கொண்டிருந்தது.

“அம்மப்பா, இதிலை பின்தங்கின மாவட்டங்கள் எண்டு பதினாறு போட்டிருக்கு. எங்கடையும் கிடக்கு.”

பெரியப்பா சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி வந்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “எங்கை, வாசி பாப்பம்.”

பிள்ளை விரல் வைத்து வாசித்தது. யாழ்ப்பாணம் வந்த இடத்தில் அவர் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு கைநூலை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் தானே பார்த்தார்.

“அம்பது வருசம் பிந்திப் போட்டாங்கள்,” என்றார். “அண்டைக்கே எங்களைப் பின்தங்க விட்டிருந்தால் நான் டொக்டராய் வந்திருப்பன்.”

பேத்தி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பி, போன முறை மருத்துவத்துக்கு எவ்வளவு என்று தேடத் தொடங்கினார்.