சித்தி ஒரு டைரக்டர்

முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் அந்தத் தெரு மளிகைக்கடையில் போய் நிற்பார்கள். எந்த வீட்டுக் கணக்கு எவ்வளவு நாளாக நிற்கிறது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். இப்போது அந்தக் கடன் நோட்டு கம்பெனி விவகார அமைச்சகத்தின் கைக்குப் போய்விட்டது. அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டினால், யார் யார் டைரக்டர், எந்தக் கடனுக்காகச் சொத்து வங்கியின் பிடியில் இருக்கிறது என்பதெல்லாம் இலவசமாகவே தெரியும். 100 ரூபாய் கட்டினால் வரவு செலவுக் கணக்கையே புரட்டலாம். எந்த மளிகைக்கடைக்காரரும் இவ்வளவு மலிவாக வாயைத் திறந்ததில்லை.

இந்த வித்தை எனக்குத் தெரியும் என்கிற விஷயம், தங்கைக்கு வரன் தேடிக்கொண்டிருந்த சித்தப்பா காதுக்குப் போய்விட்டது.

"கண்ணு, பையன் மூணு கம்பெனிக்கு டைரக்டருங்கிறாங்க. பேடண்ட் வேற வெச்சிருக்கானாம். பத்துப் பைசா கடனில்லைன்னு தரகர் சத்தியம் பண்றாரு. எதுக்கும் நீ ஒருக்கா கம்ப்யூட்டர்ல பாத்துரு சாமி."

பார்த்தேன். முதல் சிக்கல் பெயரிலேயே வந்தது. முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்ட படிவத்துக்கு நம்முடைய இனிஷியல் புரியாது. எஸ். முருகேசன் என்று ஊரே அறிந்தவர் ஓரிடத்தில் முருகேசன் சுப்பிரமணியம், இன்னோரிடத்தில் சுப்பிரமணியம் முருகேசன். அப்பா காலமாகிப் பல வருஷமானாலும் மகனின் கம்பெனியில் பாதி டைரக்டராக உட்கார்ந்திருப்பார். இந்தக் குழப்பத்துக்கு மருந்தாகத்தான் ஒவ்வொரு டைரக்டருக்கும் 'டின்' என்று 8 இலக்க எண் தந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரே எண், ஆயுளுக்கும் அதுதான். அதைப் பிடித்தால் ஆள் எந்தெந்த கம்பெனியில் தலைகாட்டியிருக்கிறார் என்பது வரிசையாக வந்து நிற்கும்.

மாப்பிள்ளையின் வரிசையும் வந்து நின்றது. கம்பெனி மூன்றுதான், தரகர் பொய் சொல்லவில்லை. ஒன்று நடக்கிறது. இன்னொன்றிலிருந்து பையன் விலகிவிட்டார். மூன்றாவது, கணக்குத் தாக்கல் செய்யாததால் பதிவேட்டிலிருந்து அடித்துவிடப்பட்டது. இதில் அவருக்குத் துணை ஏராளம். 2017-இல் மட்டும் அரசு இப்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை அடித்தது. நடக்கிற கம்பெனியின் லேத்து மிஷின்கள் வங்கியிடம் அடமானத்தில் இருந்தன. 100 ரூபாய் கட்டிக் கணக்கைத் திறந்தேன். நஷ்டம்.

நம் ஊர்த் தொழிலதிபர்கள் ஆளுக்கு இரண்டு சுயசரிதை வைத்திருப்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லும் சரிதையில் ஆர்டர் குவிகிறது, எடுத்துச் செய்ய ஆள் போதவில்லை. பதிவாளருக்குச் சொல்லும் சரிதையில் மூலப்பொருள் விலை ஏறிவிட்டது, தேய்மானம் அதிகம், ஏதோ மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தற்பெருமை பேசுகிறவரைக்கூட அடக்கத்தின் சிகரமாக்கும் சக்தி அந்தப் படிவத்துக்கு இருக்கிறது.

காப்புரிமை அலுவலகத்தில் கதை நேர் எதிர். அங்கே அடக்கமாக இருந்தால் எதுவும் கிடைக்காது. இந்தியாவில் காப்புரிமைக்கு முதல் விண்ணப்பம் போனது 1856-இல். கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங் என்பவர், துரைமார்களின் தலைக்கு மேல் ஆடும் பங்காவை இழுக்க ஓர் இயந்திரம் கண்டுபிடித்து, அது திறன்மிக்கது என்று தலைப்பிலேயே எழுதிக் கொடுத்தார். அன்று தொடங்கிய பழக்கம்.

இங்கேயும் பெயர் விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். மார்க் ட்வைன் என்று தேடினால், 1871-இல் அவர் உடுப்பை இறுக்கும் பட்டைக்கு வாங்கிய காப்புரிமை அகப்படாது. சாமுவேல் கிளெமென்ஸ் என்று தேட வேண்டும். ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், ரேடியோ அலைவரிசையை மாற்றி மாற்றி ரகசியச் செய்தி அனுப்பும் முறைக்கு 1942-இல் காப்புரிமை பெற்றபோது, ஹெடி கீஸ்லர் மார்க்கி என்றுதான் பதிந்திருக்கிறார். புகழ் வேறு பெயரில் இருந்தாலும் பதிவேட்டில் ரேஷன் கார்டுப் பெயர்தான் செல்லும்.

மாப்பிள்ளை அந்த அளவுக்குச் சிரமம் வைக்கவில்லை. அவருடைய விண்ணப்பம் சுலபமாகக் கிடைத்தது. 'கோள வடிவ வேளாண் விளைபொருளின் உட்புறத்தைச் சீராக அகற்றுவதற்கான அமைப்பும் முறையும்' என்பது அதன் சாரம். பாதிப் படம் பார்த்த பிறகுதான் விளைபொருள் தேங்காய் என்றும், அமைப்பு துருவல் மிஷின் என்றும் பிடிபட்டது. கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் மிஷினின் பாகங்களைவிட அதிகம் பேர் இருந்தார்கள்.

ஆனால் அது காப்புரிமை அல்ல, விண்ணப்பம். விண்ணப்பித்து 18 மாதம் ஆனால் எல்லா மனுவும் இதழில் வெளியாகும். வெளியாவது வேறு, கிடைப்பது வேறு. நடுவே பரிசோதனை கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும். போடாவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கருதிவிடுவார்கள். மாப்பிள்ளையுடையதை அப்படித்தான் கருதியிருந்தார்கள். ஆனால் கல்யாணப் பேச்சில் இதழில் வந்த நாளோடு கதை நின்றுவிடும்.

எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். "நஷ்டமா? எவ்வளவு?" என்று கேட்டவர், தொகையைச் சொன்னதும் சந்தோஷமாகத் தலையாட்டினார். "பரவால்ல, நல்ல ஆடிட்டர்தான் வெச்சிருக்காங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா சித்தியைப் பார்த்து, "நீங்களும் கம்பெனி டைரக்டராமே! பாத்தமுங்க" என்றார். அவர்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது.

சித்தி திகைத்துப்போனார். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது 2 டைரக்டர் வேண்டும். அந்த இரண்டாவது நாற்காலியை நிரப்பத்தான் நாட்டில் எத்தனையோ மனைவிமார்கள் டைரக்டர் ஆகியிருக்கிறார்கள். சித்திக்குத் தெரிந்ததெல்லாம், ஆடிட்டர் ஆபீசிலிருந்து போன் வந்தால் ஓடிபி சொல்ல வேண்டும் என்பதுதான். அவருடைய டிஜிட்டல் கையெழுத்து, பென்டிரைவாக ஆடிட்டர் மேஜை டிராயரில் குடியிருக்கிறது.

சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வீட்டு நஷ்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததில் இரு தரப்புக்கும் பரஸ்பர மரியாதை கூடியிருந்தது.

அவர்கள் கிளம்பியதும் சித்தி என்னைக் கூப்பிட்டு, டைரக்டர் என்றால் என்ன வேலை என்று கேட்டார். சின்ன கம்பெனியாக இருந்தாலும் வருஷத்துக்கு 2 போர்டு மீட்டிங் நடத்த வேண்டும், கலந்துகொள்ளும் டைரக்டருக்கு ஒரு மீட்டிங்குக்கு 1 லட்சம் ரூபாய் வரை தர விதி இடம்கொடுக்கிறது என்றேன்.

"நான் எத்தனை மீட்டிங் போயிருக்கேன்?"

"மினிட்ஸ் புத்தகத்துப்படி ஒண்ணுகூட விடலைங்க சித்தி."

சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாக்கி கேட்கச் சித்தப்பா இருந்த அறைக்குள் நுழைந்தார்.